நூறு வயது ஆகாத கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாக, ஏறத்தாழ 1930 முதல் 1980 வரை எழும்பிய கட்டடங்களை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கு உரியவை. நகரத்துக்கு நகரம் விதி மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோயில், கோட்டை, அரண்மனை சரி. அறுபது வருஷக் கான்கிரீட் கட்டடம் எல்லாம் பாரம்பரியமா?

ஆகலாம். மும்பை மரைன் டிரைவ் ஓரத்தில், ஆர்ட் டெக்கோ என்ற அக்கால நவீன பாணியில் அமைந்த அடுக்குமாடிகளில் பல 1930களிலும் 40களிலும் கட்டியவை. 2018ல் அவை ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள விக்டோரியக் கட்டடங்களோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. சண்டிகரில் லெ கார்புசியே 1950களில் வடிவமைத்த தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ஐகோர்ட்டும் 2016லேயே ஏறிவிட்டன. நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் இறுதியில் வேலை தொடங்கிய இது, இந்தியாவின் மிக முந்தைய நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வெளிச்சுவர் முழுக்கத் திறந்து மூடும் சிமென்ட் பட்டைகள் என்பதால் குளிரூட்டி இல்லாமலே காற்று ஓடும்.

பழைய கட்டடம் எல்லாமே பாரம்பரியம் ஆகிவிடாது என்பதும் உண்மைதான். எதைக் காப்பது என்று தேர்ந்து சொல்லத் தெரியாவிட்டால் அதிகாரி முன் வாதம் நிற்காது.

தொல்லியல் துறைக்கு ஒரு மனு போட்டால் போதாதா?

போதாது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டப்படி, ஒரு கட்டடம் குறைந்தது 100 ஆண்டுகள் நிலைத்திருந்தால்தான் ‘பண்டைய நினைவுச்சின்னம்’ ஆகும். அதற்கு மேல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்றும் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்புக்கு முன் ஆட்சேபணை கேட்டு இரண்டு மாத நோட்டீஸ் உண்டு. 1955ல் கட்டிய கட்டடத்துக்கு இந்தக் கதவு 2055 வரை திறக்காது.

இந்தச் சட்டத்தின் புகழ்பெற்ற ‘100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும்’ என்ற விதியும் அப்படித்தான். அது அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி மட்டுமே பொருந்தும், உங்கள் கட்டடத்துக்கு வராது.

அப்போ நூறு வருஷம் ஆகாததைக் காப்பாற்றச் சட்டமே கிடையாதா?

இருக்கிறது. ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை. தொல்லியல் சட்டத்தை விட்டுவிட்டு நகரமைப்புச் சட்டத்துக்கு வாருங்கள். ஒரு நகரத்தின் மாஸ்டர் பிளான், வளர்ச்சி விதிகள், கட்டட விதிகள் ஆகியவற்றுக்குள் ‘பாரம்பரிய விதி’ ஒன்றைச் சேர்க்கலாம். மும்பை 1995ல் இதைச் செய்தது. நகரமே ஒரு பட்டியல் தயாரித்து, கட்டடங்களைத் தரம் பிரித்து, அவற்றில் கை வைக்க ஒரு பாரம்பரியக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2016லும் இதே அமைப்புதான்.

இந்த விதிகளின் வரையறையைப் படித்துப் பாருங்கள். வரலாறு, கட்டடக்கலை, பண்பாடு, சுற்றுச்சூழல் காரணமாகப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்றுதான் இருக்கும். வயது பற்றிப் பேச்சே இருக்காது. நவீனக் கட்டடம் நுழையக்கூடிய வாசல் இது ஒன்றுதான். நுழைந்துவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி, பட்டியலில் பெயர் வருவது. பட்டியலில் இல்லாத கட்டடம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் சொத்து.

வயது வரம்பே இல்லை என்கிறீர்கள். டெல்லியில் ஹால் ஆஃப் நேஷன்ஸை எப்படி இடித்தார்கள்?

விதியில் இல்லாத வயதைக் குழுவே கொண்டுவந்தது. பிரகதி மைதானத்து ஹால் ஆஃப் நேஷன்ஸ், சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி நடந்த ஆசியா 72 கண்காட்சிக்காக எழுந்தது. கட்டடக் கலைஞர் ராஜ் ரெவால், கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் 73 மீட்டர் அகலத்தை மூடும் முப்பரிமாணச் சட்டகம் அது. அந்தக் காலத்தில் எஃகு கிடைப்பது கஷ்டம் என்பதால், எஃகில் செய்ய வேண்டியதை அச்சுப்பலகை கட்டி, கூலியாட்களைக் கொண்டு கான்கிரீட்டில் வார்த்தார்கள்.

பாரம்பரியப் பாதுகாப்புக்கான தன்னார்வ அமைப்பான இன்டாக்கின் டெல்லிக் கிளை, இது உள்பட 62 நவீனக் கட்டடங்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2013லேயே கொடுத்திருந்தது. அவை ஏறவில்லை. 2017ன் தொடக்கத்தில் டெல்லி பாரம்பரியக் குழு, 60 ஆண்டு நிறைந்த கட்டடங்களை மட்டுமே பரிசீலிப்போம் என்று முடிவெடுத்தது. மண்டபத்துக்கு அப்போது வயது 45. ஐகோர்ட்டில் மனு தள்ளுபடியான சில நாட்களில், ஏப்ரல் 23 ஞாயிறு இரவு, இடித்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உலகப் பாரம்பரிய நிபுணர்களின் அமைப்பான இகோமாஸ் டெல்லியில் கூடி, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி ‘மாட்ரிட்–நியூடெல்லி ஆவணம்’ என்று ஒன்றை ஏற்றது. அந்த ஆவணத்துக்குச் சட்ட வலு கிடையாது. பெயரில் டெல்லி இருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னையில் நிலைமை என்ன?

மவுன்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதை எதிர்த்த வழக்கில் 2010 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட் கொடுத்த தீர்ப்புதான் இங்கே அடித்தளம். அதன் பிறகே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்கு உயிர் வந்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலையும் அந்தத் தீர்ப்பு கையில் எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியல் பிறந்தது விளம்பரப் பலகை வழக்கில். எந்தெந்தக் கட்டடங்களை மறைத்துப் பலகை வைக்கக் கூடாது என்பதற்காகத் தயாரித்தது. நவீனக் கட்டடங்களைத் தேடிப் பிடிக்க அது உருவாகவில்லை.

தொல்லியல் சட்டங்களுக்கு வெளியே நிற்கும் கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் போனவை போனவைதான்.

கிரேடு 1, 2, 3 என்கிறார்களே, எது கிடைத்தால் இடிக்க முடியாது?

கிரேடு 1 என்றால் உள்ளும் புறமும் தொடக் கூடாது, தாங்கிப் பிடிக்கும் பழுது வேலை மட்டும் செய்யலாம். கிரேடு 2ல் முகப்பும் முக்கிய அம்சங்களும் அப்படியே இருக்க, உள்ளே மாற்றிப் பயன்படுத்தலாம். கிரேடு 3 தெருவின் தோற்றத்துக்கு அழகு சேர்ப்பது, அவ்வளவே. அதில் மாற்றமும் விரிவாக்கமும் எளிது, காரணம் சொல்லி மறுகட்டுமானத்துக்கே அனுமதி வாங்கிவிட முடியும். நவீனக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் கிரேடு 3 கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ‘பட்டியலில் வந்துவிட்டதே’ என்று நிம்மதியடையாமல் கிரேடைப் பாருங்கள்.

பட்டியலில் சேர்க்கச் சொல்லி யார் கேட்கலாம்? என்னென்ன கொடுக்க வேண்டும்?

யாரும் கேட்கலாம். அரசு தானாகவும் சேர்க்கலாம், குழுவும் பரிந்துரைக்கலாம். சேர்ப்பதற்கு முன் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். மாதிரி விதிகளில் அதற்கு ஒரு மாத அவகாசம். அந்த மாதத்தில் ஆதரவுக் கடிதங்கள் கோப்பில் சேர வேண்டும். ஆட்சேபணை மட்டும் வந்து குவிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோப்பில் முதலில் சர்வே எண், வார்டு, பிளாக் விவரம் வேண்டும். அடுத்து கட்டிய ஆண்டுக்கு ஆதாரம்: அடிக்கல் கல்வெட்டின் படம், திட்ட அனுமதி வரைபடம், திறப்புவிழாச் செய்தித்தாள், இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அசல் வரைபடங்கள் அரசுக் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறையில் இருக்கும். தனியார் கட்டடம் என்றால் வடிவமைத்த நிறுவனத்தின் அலமாரியில் சுருண்டு கிடக்கும். நீலப் படிகள் வெளுத்துக்கொண்டே போகும் என்பதால் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள், பிறகு நெருங்கி எடுங்கள். பித்தளைப் பட்டை பதித்த மொசைக் தரை, படிக்கட்டுக் கைப்பிடி, சிமென்ட் ஜாலி, வெயில் மறைக்கும் செங்குத்துப் பட்டைகள், இரும்புச் சட்ட ஜன்னல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாக வேண்டும். பட்டியலில் எதை எழுதுகிறீர்களோ அதுதான் பின்னால் காப்பாற்றப்படும்.

கடைசியாக ஒரு பக்கத்தில் ‘ஏன் முக்கியம்’ என்று எழுதுங்கள். இதில்தான் பல மனுக்கள் சறுக்குகின்றன. ‘மிக அழகான, பெருமைமிக்க கட்டடம்’ என்று எழுதினால் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘1959ல் திறந்த 14 மாடிக் கட்டடம், சென்னைக்கு உயர அடுக்குக் கட்டடத்தை அறிமுகம் செய்தது, எல்.எம். சித்தாலேவின் கையில் நிறைவுபெற்றது, 1975 தீ விபத்துக்குப் பிறகும் நிற்கிறது’ என்று மறுக்க முடியாத நாலு வரி போதும். அதே காலத்தைச் சேர்ந்த வேறு எவை மிச்சம் இருக்கின்றன என்றும் ஒப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

சொந்தக்காரர் சம்மதம் வேண்டாமா? என் வீட்டைப் பட்டியலில் போட்டால் விலை போகாதே?

சம்மதம் கட்டாயமில்லை, ஆட்சேபணை சொல்லும் உரிமை உண்டு. விலைக் கவலை நியாயமானது. 10,000 சதுர அடி மனையில் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 2 என்றால் 20,000 சதுர அடி கட்டலாம். உங்கள் பழைய வீடு 6,000 சதுர அடிதான். மீதி 14,000 சதுர அடியின் மதிப்பைப் பொதுநன்மைக்காக நீங்கள் மட்டும் இழப்பது எந்த ஊர் நியாயம்?

இதற்காகத்தான் வளர்ச்சி உரிமைப் பரிமாற்றம் என்ற ஏற்பாடு இருக்கிறது, நடைமுறையில் டி.டி.ஆர். என்பார்கள். கட்ட முடியாத அந்த 14,000 சதுர அடிக்குச் சான்றிதழ் வாங்கி, வேறு இடத்தில் கட்டும் பில்டருக்கு விற்கலாம். மும்பையில் இது நடைமுறையில் உள்ளது. ஆனால் சான்றிதழ் வாங்க ஆள் இருந்தால்தான் அது காசு. எஃப்.எஸ்.ஐ.யை அரசே தாராளமாக ஏற்றிக் கொடுக்கும் ஊரில் அதை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

பெயின்ட் அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டுமா?

மாதிரி விதிகளின் வாசகப்படி ஆம். பழுது, பூச்சு, பெயின்ட், சிறப்பு அம்சங்களை மாற்றுவது எல்லாம் அதில் வரும். வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கும் துணைக் கட்டடங்களும் பட்டியலில் அடங்கும். ‘முன் கட்டடம்தானே லிஸ்ட்டில் இருக்கிறது, பின்னால் இருக்கும் ஷெட்டை இடிக்கலாமே’ என்று தொடங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று இன்ஜினியரே சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார். இனி என்ன செய்வது?

அறிக்கையின் முழு நகலை வாங்குங்கள், முடிவுப் பக்கம் மட்டும் போதாது. அரசுக் கட்டடம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் 30 நாளில் கிடைக்க வேண்டும். நவீனக் கட்டடத்தை வீழ்த்தும் ஆயுதம் பெரும்பாலும் இந்த அறிக்கைதான். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் லூயி கான் வடிவமைத்த 18 விடுதிகளில் 14ஐ இடித்துக் கட்ட 2020 டிசம்பரில் அழைப்பு வெளியானது. உலகெங்குமிருந்து எதிர்ப்பு வந்ததும் 2021 ஜனவரி 1ல் திரும்பப் பெற்றார்கள். 2022 நவம்பரில், கட்டமைப்புப் பலவீனத்தைக் காரணம் காட்டிச் சில பகுதிகளைப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தார்கள். அதே வளாகத்து நூலகத்தைச் சீரமைத்ததற்கு 2019ல் யுனெஸ்கோ ஆசிய–பசிபிக் விருது வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த அளவுகோலால் அளந்திருக்கிறார்கள் என்பது. 1950, 60களில் சிமென்ட், மணல், ஜல்லிக் கலவை 1:2:4. இன்றைய கணக்கில் அது எம்15 என்ற பலத் தரம், எண் கூடினால் பலம் கூடும். கான்கிரீட்டுக்கான இன்றைய இந்தியத் தர விதி ஐ.எஸ். 456ல் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சமே எம்20. அந்தக் காலத்துத் தளத்தில் கம்பிக்கு மேல் அரை அங்குலக் கவசம்தான், இன்று குறைந்தது 20 மி.மீ. கேட்கிறார்கள். இன்றைய அளவை வைத்தால் அன்றைய கட்டடம் எல்லாமே ஃபெயில்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: வடிவமைத்த பலம் இன்னும் இருக்கிறதா, இப்போதைய சுமையைத் தாங்குமா?

இரண்டாவது, என்ன சோதனை செய்தார்கள் என்பது. மேற்பரப்பில் தட்டிப் பலத்தைக் கணிக்கும் வெறும் ரீபவுண்ட் சுத்தியல் சோதனை போதாது. காற்றின் கரியமில வாயு ஊறி, கார்பன் ஏறிய பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும், சுத்தியல் அதிகமாகக் காட்டி ஏமாற்றும். துளைத்து எடுத்த கோர் மாதிரி குறைந்தது மூன்று வேண்டும். அவற்றின் சராசரி, தேவையான பலத்தில் 85 சதவீதத்துக்கும் எந்த ஒரு மாதிரியும் 75 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. கம்பி துருவேறுகிறதா என்று அறிய அரைக்கல மின்னழுத்தச் சோதனை உண்டு. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு அநேகமாக நிச்சயம். ஃபினால்ஃப்தலீன் சோதனையை நேரில் நின்று பாருங்கள். புதிதாக உடைத்த இடத்தில் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் அடர் இளஞ்சிவப்பாகும், கார்பன் ஏறிய பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா, இன்னும் எத்தனை மி.மீ. பாக்கி என்று ஸ்கேலை வைத்து அளக்கலாம். இந்த எண்கள் இல்லாத ‘பலவீனம்’ ஓர் அபிப்பிராயம்தான்.

எல்லாச் சோதனையும் மோசமாக வந்தாலும் ‘பழுது பார்க்க இவ்வளவு, இடித்துக் கட்ட இவ்வளவு’ என்ற ஒப்பீடு அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை என்றால், முடிவை எடுத்துவிட்டுச் சோதனை செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் உயிரோடு இருக்கிறார். காப்பிரைட் வைத்துத் தடுக்க முடியாதா?

முடியாது என்று டெல்லி ஐகோர்ட் 2019 மே மாதம் சொல்லிவிட்டது. மேலே சொன்ன ராஜ் ரெவாலே தொடுத்த வழக்கு அது. பதிப்புரிமைச் சட்டப்படி கட்டடமும் கலைப்படைப்புதான், உரிமை ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு இருக்கும். 2015ல் மறைந்த கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவின் படைப்புகளுக்கு 2075 முடியும் வரை. பிரிவு 57, படைப்பாளியின் புகழைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைக்கக் கூடாது என்கிறது. ஆனால் முற்றிலும் இடித்துவிட்டால் புகழைக் கெடுக்கப் பார்வைக்கு எதுவும் மிஞ்சவில்லை, நில உடமையாளரின் சொத்துரிமை மேலோங்கும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆக, அரைகுறையாக அசிங்கப்படுத்தினால் கேட்கலாம், அடியோடு அழித்தால் கேட்க முடியாது. விசித்திரம்தான். மேல்முறையீட்டில் யாராவது உடைக்கும்வரை இந்த வழியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அப்போ கட்டடத்துக்குள் இருக்கும் சுவரோவியம், நாற்காலி, மேசை?

சுவரோவியத்துக்கு நிலைமை கொஞ்சம் மேல். விஞ்ஞான் பவனிலிருந்து 1979ல் கழற்றிச் சிதைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அதைச் செய்த சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005ல் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவானது.

மரச்சாமான்கள் விஷயத்தில் ஓட்டை பெரியது. தொல்பொருள் சட்டமும் 100 ஆண்டு கேட்கிறது. சண்டிகர் அலுவலகங்களுக்காக, லெ கார்புசியேவோடு வேலை செய்த பியர் ஜானரே காலத்தில் செய்த தேக்கு நாற்காலிகளைக் கழிவு ஏலத்தில் தள்ளினார்கள். அவை வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போக, 2011ல்தான் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. தொல்பொருள் சட்டத்திலேயே ‘கலைப் பொக்கிஷம்’ என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு வயது வரம்பு இல்லை, படைத்தவர் உயிரோடு இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பயன்படுத்த மனமிருந்தால் இந்த வழி இருக்கிறது.

யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டால் கவலை இல்லையே?

யுனெஸ்கோ யாருக்கும் தடையாணை கொடுப்பதில்லை. உள்ளூர் விதிதான் காவல். சண்டிகரையே பாருங்கள். ஒரு மனை, ஒரு வீடு என்று திட்டமிட்ட செக்டார்களில் மூன்று பேர் பங்கு வாங்கி, மாடிக்கு ஒருவராக அடுக்குமாடி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். யுனெஸ்கோ அடையாளம் அதைத் தடுக்கவில்லை. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்தான், மாஸ்டர் பிளானையும் பாரம்பரியக் குழுவின் அதிகாரத்தையும் முன்வைத்து, முதல் கட்டச் செக்டார்களில் இப்படிப் பிரிப்பதை நிறுத்தியது.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வயதைக் குறைத்து. இங்கிலாந்தில் 30 ஆண்டு பொதுவான வரம்பு, மிகச் சிறந்ததும் ஆபத்தில் இருப்பதும் என்றால் அதற்கும் கீழே. அமெரிக்க தேசியப் பதிவேட்டிலும் ஜப்பானின் பதிவுமுறையிலும் 50. பிரான்சில் 100 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடங்களுக்கென்றே ஓர் அடையாளம் கொடுக்கிறார்கள். அது இடிப்பதைத் தடுக்காது. ஆனால் வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே அரசுக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கு உடனடியாக வேண்டியது அந்த இரண்டு மாதம்தான்.

நாளைக் காலையில் ஜே.சி.பி. வருகிறது. இன்று என்ன செய்யலாம்?

இடிப்புக்கு உள்ளாட்சி அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், அவசரத்தில் பலர் வாங்குவதில்லை. அனுமதி இல்லை என்றால் அதுவே போதும், எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஐகோர்ட்டில் ரிட் மனுவை லஞ்ச் மோஷனாக, அதாவது அன்று மதியமே அவசரமாக, எடுக்கக் கேட்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது, பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஏற்கெனவே கொடுத்து நிலுவையில் கிடக்கும் மனுவின் நகல். ‘குழு இன்னும் முடிவெடுக்கவில்லை, அதுவரை நிலை மாறக் கூடாது’ என்று கேட்க நீதிமன்றம் காது கொடுக்கும். ‘இது அழகான கட்டடம்’ என்று மட்டும் சொன்னால் நகர்ந்துவிடும். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை கண் வைத்திருங்கள். டெல்லியில் ஞாயிறு இரவு என்றால், லண்டனில் ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையை 1980ல் வங்கி விடுமுறை வாரக்கடைசியில்தான் இடித்தார்கள்.

‘இடித்துவிட்டு அதே மாதிரி கட்டித் தருகிறோம்’ என்கிறார்களே, ஒத்துக்கொள்ளலாமா?

பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியின்றி இடித்தவர்களைப் பற்றி மாதிரி விதிகள் சொல்வதைப் படியுங்கள். அந்த இடத்தில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது. மறுபடி கட்டக் கேட்டால், பழைய கட்டடத்தின் மொத்தப் பரப்பை மீறாமல், அதே வடிவில், அதே பாணியில் மட்டும் பரிசீலிக்கலாம். அதாவது ‘அதே மாதிரி’ என்பது சட்டத்தில் குற்றம் செய்தவருக்கு வைத்த கடைசி எல்லை. அதைச் சலுகை போல முன்கூட்டியே நீட்டுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை சதுர அடி கட்டப்போகிறீர்கள்? பதில் பழைய பரப்பைவிட ஒரு அடி கூடினாலும் அது அதே மாதிரி இல்லை.